நான்காவது காற்றாடி வரை

கந்தப்பளையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை. மேசையில் கொம்பியூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு பவர் சப்ளைகள் இருக்கின்றன. ஒன்று புத்தம் புதிதாக மினுங்குகிறது. மற்றது ஐந்து வருடம் ஓடியது. தூசி படிந்து, செங்கல் போல் கனக்கிறது. சோதித்துப் பார்க்கக் கடைக்காரன் மோகனராஜ் இரண்டிலும் லொறி ஹெட்லைட் பல்புகளை மாட்டியிருக்கிறான். பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கிற பிற்பகலில், இரண்டும் ஒரே மஞ்சளாக எரிகின்றன. டைப்செட்டிங் கடை ஜீவராணி, குளிரில் விறைத்த கைகளை ஒரு பல்புக்கு ஒன்றாக மேலே பிடித்துச் சூடேற்றிக்கொண்டிருக்கிறாள். மடியில் பிரஜாவுரிமை விண்ணப்பங்கள். தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து ஆட்கள் நடந்து வந்து சொல்லச் சொல்ல அவள் தட்டிய பெயர்கள், கரண்ட் தாழ்ந்து மெஷின் நின்றதில் இரண்டு தடவை அழிந்துவிட்டன. கரண்ட் தாழ்ந்தாலும் தாங்கும் ஒன்றை வாங்க வந்திருக்கிறாள்.

“ஸ்டோருல கொழுந்து வாட்டுற ஃபேன் போடட்டும். அப்ப தெரியும், எது தாங்கும்னு” என்கிறான் அவன். மேட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் முதல் காற்றாடி உறுமுகிறது. கடையின் டியூப்லைட் சிமிட்டுகிறது. புதியதன் பல்பு சிவந்து மங்குகிறது. பழையதன் பல்பில் ஒரு மாற்றமும் இல்லை. “பாத்தீங்களா தங்கச்சி” என்று சுவிட்சை அணைக்கக் கை நீட்டுகிறான். “இருங்கண்ணே, நாலு ஃபேனும் ஓடட்டும். அந்த சனங்கள மூணாந்தடவையும் வீணா நடக்கவிட ஏலாது.” இரண்டாவது உறுமுகிறது. மூன்றாவதும். அவள் உதடு அசைய எண்ணுகிறாள். நான்காவதில் புதியது அணைந்தே போகிறது. அணைந்த பல்பின் மேலிருந்த கையையும் அவள் பழையதன் பல்புக்கு மேலே கொண்டுபோகிறாள்.