கூரை ஜன்னல்

மத்தியான வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, ஆபீஸில் உட்கார்ந்திருந்த கணக்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கண்ணாடிக் குடிலின் கூரை ஜன்னலைத் திறக்காமலே வந்துவிட்டார்!

வீட்டுக்குப் பின்னால், சமையல்கட்டை ஒட்டி, அவர் ஆசை ஆசையாகக் கட்டிய குடில். உள்ளே ஆர்க்கிட் செடிகள், மொட்டும் பூவுமாக. நாளைக்கு மலர்க் கண்காட்சி. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் அத்தனையும் வெந்துவிடும்.

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டார். ம்ஹூம்.

"போனை எங்கயாவது கடாசிட்டுத் தூங்கிட்டிருப்பா!"

வெயில் ஏறினால் ஜன்னலைத் திற என்று எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். காதில் போட்டுக்கொண்டால்தானே!

மேனேஜர் முன்னால் போய் நின்றபோது கணக்கர் முகத்தில் ஈயாடவில்லை.

"சார், உடனே வீட்டுக்குப் போகணும். அங்க மூச்சு முட்டுது சார்..."

"ஐயையோ, யாருக்கு?"

செடிக்கு என்றால் விடுவாரா?

"என் வீட்டுக்காரிக்கு."

"அப்புறம் ஏன் இன்னும் நின்னுட்டிருக்கீங்க? ஓடுங்க!"

பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் துளிகூட இல்லை. பைக்கை விரட்டினார். சிவப்பு விளக்கில் நின்றால் வாடிய மொட்டுகள் கண்ணுக்குள் வந்தன. ஒரு பூவாவது பிழைக்கட்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடினார்.

கூரை ஜன்னல் அகலத் திறந்திருந்தது! கதவும் திறந்திருந்தது. ஒரு இலைகூட வாடவில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்கப்புறம்தான் மனைவியைப் பார்த்தார். தொட்டிகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி நறுக்கிய பீன்ஸ். நெற்றியெல்லாம் வியர்வை.

"தாயே, காப்பாத்திட்டே! போனை ஏன் எடுக்கல? நான் செத்துப் பொழச்சேன்!"

"போன் சமையல்கட்டுல இருக்குங்க. மறுபடி உள்ள போகத் தெம்பில்ல."

"சரி, விடு. ஞாபகமா ஜன்னலைத் திறந்தியே, அது போதும். பரவாயில்ல, உனக்கும் செடிங்க மேல பாசம் வந்துடுச்சு!" வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

அவள் இருமி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"செடிக்காகத் திறக்கலீங்க. அடுப்புப் புகை பட்டா மொட்டு உதிர்ந்துடும்னு சமையல்கட்டு ஜன்னலை ஆணி அடிச்சு மூடிட்டீங்க. சமைக்கிறவ மூச்சு விடப் பக்கத்துல இது ஒண்ணுதானே இருக்கு?"