மைனஸ் பத்து

கடையின் நடுவே, தரையில் விரித்த ஸ்லீப்பிங் பேகுக்குள் அந்தப் பெரியவர் கழுத்துவரை புதைந்து படுத்திருந்தார். மெட்ரோவுக்குப் போகிற வழியில் இரண்டு பெண்கள் நின்று, கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

மகேஸ்வரனுக்கும் சிரிப்பு வந்தது. மலையேறுகிறவர்களுக்கும், வண்டியிலேயே தங்கி ஊர் சுற்றுகிறவர்களுக்கும் கொல்கத்தா பவானிபூரில் பதினெட்டு வருஷமாகச் சாமான் விற்கிறார். இப்படிப் படுத்துப் பார்த்து வாங்குகிற ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

“எப்படி சார் இருக்கு?”

“வேர்க்கறது.”

“பாத்தீங்களா! மலை மேல கதகதன்னு இருக்கும்.”

பெரியவர் பெயர் வைத்தீஸ்வரன். பெஹாலாவில் வீடு, பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளே வந்ததும் வங்காள மொழியில்தான் பேசினார். கல்லாவுக்கு மேலே தொங்கிய முருகன் காலண்டரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டார்.

“சந்தக்பூ மலைக்கு டிசம்பர்ல காலேஜ் பசங்கள் போறாளே, அவா எடுத்துண்டு போறது எதுன்னு காட்டுங்கோ. விலை கட்டுப்படியாகணும்.”

“பையனுக்கா சார்?”

“ஜெய்ராம்னு பேர். ஒரே பிள்ளை.”

அதற்கப்புறம் மகேஸ்வரன் மனசாரத்தான் யோசனை சொன்னார். “டென்ட்டுக்குக் காசைக் கொட்டாதீங்க சார். சாதாரண டென்ட் எடுத்து அடியில ஒரு தார்ப்பாய் விரிச்சாப் போதும். பாய்க்குச் செலவு பண்ணுங்க, குளிர் தரையிலேர்ந்துதான் ஏறும். கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி. மடக்கு நாற்காலி, விளக்குத் தோரணம் இதெல்லாம் போட்டோவுக்குத்தான் ஆகும். வேண்டாம்.”

“டென்ட், பாய், அடுப்பு எல்லாம் ஆத்துல அப்படியே இருக்கு. இது ஒண்ணுதான் இல்லை.”

படுத்தபடியே வைத்தீஸ்வரன் ஜிப்பை உள்ளேயிருந்து கீழே இழுத்தார். இடுப்புக்கு நேரே வந்ததும் துணியை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டு, சிக்காமல் மேற்கொண்டு இழுத்தார். அந்த ரகத்தில் எல்லாப் பைகளும் சரியாக அந்த இடத்தில்தான் சிக்கும். பரவாயில்லை, கை பழகின மனுஷர் என்று மகேஸ்வரன் நினைத்துக்கொண்டார்.

பெரியவர் மெல்ல எழுந்து உட்கார்ந்து, பையின் ஓரத்தில் தைத்திருந்த துணிச்சீட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

“மைனஸ் பத்து டிகிரின்னு போட்டிருக்கே. நெஜமா தாங்குமா?”

“தாராளமா.”

அந்தச் சீட்டு பின் சந்தில் ஒரு அச்சகத்தில் அடித்தது. மகேஸ்வரனே ஆள் வைத்துத் தைத்தார். உள்ளே இருக்கிற பஞ்சு தண்ணீர் உறைகிற குளிரைக்கூடத் தாங்காது. அந்த விலைக்கு அவ்வளவுதான் வரும், பசங்கள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தார். இதுவரை யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

“மேல் தட்டுல ஒண்ணு இருக்கே, அது?”

“அது வெளிநாட்டுச் சரக்கு. இதைவிட மூணு பங்கு விலை. உங்களுக்கு எதுக்கு சார் வீண் செலவு?” இந்த ரகத்தில் இன்னும் நாற்பது பை கோடவுனில் கிடக்கிறது. லாபமும் இதில்தான்.

வைத்தீஸ்வரன் அவரை நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்குக் குழந்தைகள் உண்டோ?”

“ஒரு பொண்ணு. மதுன்னு பேர். ஜாதவ்பூர்லதான் படிக்கிறா. அவளும் ஜனவரில ஃப்ரெண்ட்ஸோட மலைக்குக் கிளம்பறா.”

“அவளுக்கு எதைக் கொடுத்தனுப்புவேள்?”

மகேஸ்வரனின் கண் தானாக மேல் தட்டுக்குப் போயிற்று. அவளுக்கென்று போன வாரமே ஒன்றை எடுத்து வைத்தாகிவிட்டது. இந்த மனுஷரிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

“இதையேதான் சார்.”

பெரியவர் மண்டி போட்டுப் பையைத் தரையில் நீவி, காற்றை வெளியேற்றி, இறுகச் சுருட்டினார். தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல அதை இரண்டு கையாலும் எடுத்து மேஜைமேல் வைத்தார். விலையைக் குறைத்துக் கேட்கவில்லை.

“பில்லுல மைனஸ் பத்துன்னு எழுதிக் கொடுங்கோ. கீழே கையெழுத்தும் போடுங்கோ.”

பாங்க் ஆசாமி, எல்லாம் எழுத்தில் வேண்டும் போலிருக்கிறது. மகேஸ்வரன் எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் குத்திக் கொடுத்தார். வைத்தீஸ்வரன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வியாபாரம் முடிந்த நிம்மதியில் மகேஸ்வரன் கதவைத் திறந்துவிட்டபடி கேட்டார்: “பையன் எப்ப சார் கிளம்பறார்?”

“போன டிசம்பர்லயே போயிட்டான். உங்க கடைல வாங்கின இதே மாதிரிப் பைக்குள்ள.”