எழுதிக் கொடுங்க, தலைவரே!

“இன்னா டீச்சர், எம் பொண்ணு ஊட்டுக்கு வந்து ‘நைனா, கொஞ்சம் கதைக்கலாமா’ன்னு கேக்குது. இன்னா நடக்குது இந்தப் பள்ளிக்கூடத்துல?”

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் மேஜையில் அடித்த அடியில், தலைமையாசிரியர் வீரராகவனின் டீ கிளாஸ் ஆடியது. ஆவடி வட்டாரத்தில் அவரை ‘தலைவரே’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது.

லோகநாயகி டீச்சர் அசரவில்லை. “பேசறதைத்தான் இலங்கையில கதைக்கிறதுன்னு சொல்வாங்க, தலைவரே. நான் வாசிக்கிற புத்தகத்துல வருது. பிள்ளைங்களுக்குப் பிடிச்சுப் போச்சு.”

“அதத்தான் கேக்கறேன். அகதி கதை, அதுவும் துலுக்கங்க கதை, நம்ம புள்ளைங்களுக்கு இன்னாத்துக்கு? அகதின்னாலே ஊரே கதவைச் சாத்திக்கினு கீது. நீ கூப்ட்டு உக்கார வெச்சிப் பாடம் நடத்துறே!”

‘நீ’ என்றது டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. அதைவிடத் தைத்தது ரிஸானாவின் நினைப்பு.

மன்னாரிலிருந்து வந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்த அந்தப் பெண் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. படகேறி வந்த ஒரு முஸ்லிம் சிறுமியின் கதையை டீச்சர் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான், “டீச்சர், அப்பிடி இல்லை. போட்டுல இருக்க இடமே இல்லை, நிண்டுகொண்டுதான் வந்தனாங்கள்” என்று எழுந்து சொன்னாள். மொத்த வகுப்பும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. இப்போது புத்தகத்தை நிறுத்தினால் அந்த வாய் மறுபடியும் மூடிக்கொள்ளும்.

“நிறுத்திடும்மா. எதுக்கு வம்பு?” என்றார் வீரராகவன், டீயைப் பார்த்துக்கொண்டே.

“வாய்ச்சொல்லுக்கெல்லாம் நிறுத்த மாட்டேன் சார். தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். நாளைக்கு அதிகாரி கேட்டா காட்டணும் இல்ல?”

“எனக்கின்னா பயமா? நான் சொல்றேன், நீயே எழுது.”

டீச்சர் பேனாவைத் திறந்தாள். “உங்க பொண்ணு வனஜாவுக்கு இனிஷியல் ‘து’தானே, தலைவரே?”

“ஆமா. அதுக்கின்னா இப்போ?”

“சும்மா கேட்டேன். சொல்லுங்க.”

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “துலுக்கன்னு பேரு ஒட்டிக்கினு கீற எதுவும் இந்தப் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி உள்ள வரக் கூடாது. புக்கா இருந்தாலும் சரி, ஆளா இருந்தாலும் சரி. எழுதினியா?”

“ஓர் எழுத்து மாறாம எழுதிட்டேன்.”

தலைவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. தன் பேரைத் தானே எழுதி எத்தனை நாளாயிற்றோ, நாக்கைக் கடித்துக்கொண்டு முழுசாக எழுதி முடித்தார். டீச்சர் காகிதத்தை வாங்கி, மை காய ஊதி, தலைமையாசிரியரிடம் நீட்டினாள்.

“சரி சார், நான் கட்டுப்படறேன். ரிஸானாங்கற பேர்ல அப்படி எதுவும் ஒட்டிக்கிட்டு இல்ல, அவ வரலாம். புத்தகத்தோட பேர்லயும் இல்ல, அதுவும் வரலாம். வெளியே போக வேண்டியது ஒரே ஒரு ஆள்தான். கீழே இருக்கற பேரைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க.”

வீரராகவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: “இப்படிக்கு, கி. துலுக்கானம்.”