மாடி மாமாவும் ஐஸ் மெஷினும்

டங்! டங்! டங்!

"ஆரம்பிச்சுட்டாருய்யா, மாடி மாமா!" என்று தலையில் கை வைத்தான் கணவன். "போட்டி நடக்கிற அன்னிக்குமா? நீ போகாதே, தட்டட்டும்."

கடைத்தெரு நடுவே ஐஸ் சறுக்குத் தளம் நடத்துகிறார்கள் புருஷனும் பெண்டாட்டியும். ஐஸை உறைய வைக்கும் மெஷின் பின்பக்கம். அதற்கு நேர்மேலே மாமா வீடு. மெஷின் உறுமினால் போதும், கம்பால் தரையைக் குத்துவார். அடியில் ரப்பர் வைத்தாயிற்று, சுற்றிச் சுவரும் எழுப்பியாயிற்று. மனுஷர் மசியவில்லை.

இன்றைக்குக் குழந்தைகளின் முதல் போட்டி. அது சொதப்பினால் இடத்தைக் காலி செய்துவிட வேண்டியதுதான் என்று கட்டடச் சொந்தக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

காலையில்தான் தளத்தின் மேல் புதுசாகத் தண்ணீர் விட்டிருந்தார்கள், உறைந்து வழவழப்பாகட்டும் என்று. இன்னும் ஈரமாகவே மின்னியது. ஒலிபெருக்கிக்காரர் காது கிழியப் பாட்டு வைத்திருந்தார்.

டங்! டங்! டங்! டங்!

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுறேன்!" இடுப்பிலிருந்த குழந்தையைக் கணவன் கையில் திணித்துவிட்டு, விறுவிறுவென்று படியேறினாள்.

கதவு திறந்ததுமே பொரிந்தாள். "ஏன் மாமா, இன்னிக்கு ஒரு நாள் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கக் கூடாதா?"

"எந்தச் சத்தம்? அதைத்தான் காலையிலேருந்து காணோமே! கம்பு உடையுற மட்டும் தட்டுறேன், கீழே ஒருத்தருக்காவது காது இருக்கா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் அந்த ஈரம் உறையப்போகிற தண்ணீர் இல்லை. உருகுகிற ஐஸ்!

ஓடினாள். போட்டிக்காகப் போட்ட அலங்கார விளக்குகளின் லோடு தாங்காமல் மெஷினுக்குப் போகும் கரண்ட் நின்றிருந்தது.

"எல்லாத்தையும் பிடுங்குங்க! விளக்கும் வேண்டாம், மைக்கும் வேண்டாம்!"

"மைக் இல்லாம எப்படிடி?"

"உங்களைத் தினம் கூப்பிடுற தொண்டைதானே? இந்தத் தளத்துக்குப் போதும்!"

மெஷின் உறுமியது. ஈரம் மெல்ல இறுகியது. சாயங்காலம் அவள் கத்தக் கத்தக் குழந்தைகள் சறுக்கித் தீர்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் மறுபடி மாடிக்குப் போனாள்.

"எங்களைக் காப்பாத்திட்டீங்க மாமா. நாளைக்கே தடி ரப்பரா வாங்கிப் போட்டுடுறோம். இனிமே சத்தமே கேக்காது."

மாமா பதறிப்போனார்.

"ஐயையோ, வேண்டாம்மா! அப்புறம் உன் ஐஸுக்கு ஒண்ணுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"