சின்ன மாதையனைக் காணோம்

“எவன் கை வெச்சானோ, அவனுக்கு இன்னையோட இந்த ஆபீஸ்ல வேலை கிடையாது!”

முதலாளி அறிவழகன் கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

கத்தாமல் என்ன செய்வார்? பென்னாகரம் பக்கத்துப் பால் சொசைட்டிக்கு அவர்கள் செய்து கொடுத்த ஆப், நேற்று அப்டேட் போட்ட கையோடு இன்று காலை படுத்துவிட்டது. கேன் கேனாகப் பால் காத்துக் கிடக்கிறது. சொசைட்டி செயலாளர் முருகேஷ் போனில் அழாத குறை.

டீம் லீடர் நவநீதன் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“யாரு ஊத்தறப்ப நிக்குதுங்க?”

“உங்க சித்தப்பா ஊத்தறப்பத்தான் தம்பி! உங்கப்பா பெரிய மாதையனோட மெம்பர் கார்டுக்கு நல்லா ஓடுது. சின்ன மாதையன் கார்டு வெச்சா டப்புனு நின்னுருது. அப்புறம் யாருக்குமே ஓட மாட்டேங்குது.”

நவநீதன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

“புடிச்சிட்டேன்! எங்கப்பாவும் மாதையன், சித்தப்பாவும் மாதையன். ரெண்டு பேருக்கும் குலசாமி பேரு. கூப்புடறதுக்குத்தான் பெரியவரு, சின்னவரு. கார்டுல ரெண்டும் ஒரே பேரு, ஒரே அப்பா, ஒரே ஊரு. யாரோ ஒரு அறிவாளி, ஒரே ஆளு ரெண்டு தடவ பதிஞ்சிருக்காருன்னு நெனச்சு ஒருத்தர அழிக்கச் சொல்லி புரோகிராம் எழுதியிருக்காங்க. கார்டு இருக்குது, ஆளக் காணோம்! இது நம்மூரு ஆளு வேலையே இல்ல. வெளியூர் வேல!”

அந்த ஆபீஸில் வெளியூர் என்றால் ஒரே ஆள்தான். சென்னையிலிருந்து வந்து சேர்ந்த காவியா.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் சரி பண்ணிட்டேன்ணா. சாயங்காலப் பாலுக்கு ஓடிரும். ஆவணியில கல்யாணத்த வெச்சுக்கிட்டு உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? பேரெல்லாம் தேடாதீங்க, விட்டுருங்க.”

“அதெப்படி விடறது? பயமா இருக்குதா?”

காவியா மறுபடி கீபோர்டைத் தட்டத் தொடங்கினாள். நவநீதனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

உற்சாகமாக உட்கார்ந்தான். நேற்றைய அப்டேட்டில் ஒரு மாதத்து மாற்றங்கள் மொத்தமாகப் போயிருந்தன. பாதியை எடுத்துவிட்டு ஓட்டினான். ஓடியது. அப்படியானால் கோளாறு எடுத்த பாதியில் இருக்கிறது. அதிலும் பாதியைச் சேர்த்து ஓட்டினான். நின்றது! சீரியல் லைட்டில் ஃபியூஸ் போன பல்பைத் தேடுகிற மாதிரி, பாதி பாதியாக வளைத்துக்கொண்டே வந்தான்.

“நெருங்கிட்டேன் சார்! இன்னும் கொஞ்சம்தான்!” என்று அறைக் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

கடைசியில் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சியது. வெற்றிச் சிரிப்போடு அதைத் திறந்தான்.

ஆடிப்பெருக்கு அன்று எழுதியது. எழுதியவர் பெயர்: நவநீதன்.

குடும்பத்தோடு ஒகேனக்கல் கிளம்புகிற அவசரம். வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எழுதினான், யாரிடமும் காட்டாமல் தானே ஓகே போட்டான், ஓடினான். எல்லாம் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது.

கோளாறு இருக்கிற இடம் தெரியாமல் காவியா எப்படிச் சரிசெய்திருக்க முடியும் என்பதும் இப்போதுதான் உறைத்தது.

கதவு திறந்தது. அறிவழகன் வெளியே வந்தார்.

“கண்டுபுடிச்சாச்சா? யாரு?”

நவநீதன் வாய் திறப்பதற்குள் காவியா எழுந்து நின்றாள்.

“நான்தான் சார். அந்த மாத்தத்தைச் சரிபார்த்து ஓகே போட்டது நான்தான். கவனிக்காம விட்டுட்டேன்.”

“அதானே! வெளியூர் ஆளு வேலைன்னு நவநீதன் போட்ட சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்டுச்சே! பேக்கை எடும்மா.”

காவியா பையை எடுத்தாள். நவநீதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“சார்...” நவநீதன் எழுந்து கதவருகே போய் வழியை மறித்து நின்றான்.

“ஆடிப்பெருக்கு அன்னிக்கி அந்தப் பொண்ணு ஆபீசுக்கே வரலீங்க. எங்க சித்தப்பாவ அழிச்சது நான்தாங்க.”