ஈரச் சுண்ணாம்பு

இன்றைக்கும் பிளந்திருந்தது.

சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே நேற்றுப் பூசிய சுண்ணாம்பு நடுவில் இரண்டாக விட்டுப் போயிருந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். மனைவி சுவருக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல். நிறைமாதம்.

பழையதை நகத்தால் சுரண்டினான். வெற்றிலைத் தட்டிலிருந்து புதிதாக எடுத்து அதே இடத்தில், அதே நீளத்துக்கு இழுத்தான். கை பழகிவிட்டது. பாழாய்ப்போன கை, பொய்க்கும் பழகிவிடுகிறது.

மலையை ஒட்டிய தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயம். வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், காம்பராக்கள். மலைப்பக்கத்துக் கடைசிக் காம்பரா அவர்களுடையது. வெடிப்பும் அதில் மட்டும்தான்.

மழை தொடங்கியபோது பார்க்க வந்த அதிகாரிதான் சுண்ணாம்பு பூசச் சொன்னார். அது பிளந்தால் மலை நகர்கிறது, ஒரு நிமிடம்கூட யாரும் உள்ளே இருக்கக் கூடாது, எல்லாரும் பாடசாலைக்கு இறங்கிவிட வேண்டும் என்றார். சொல்லிவிட்டு ஜீப்பில் போய்விட்டார். பிறகு ரோடு உடைந்தது. யாரும் வரவில்லை.

இறங்கிவிட வேண்டுமாம். வாயால் சொல்லிவிடலாம்.

அந்த இறக்கத்தில்தான் போன வருஷம் அவள் வழுக்கி விழுந்தாள். வயிற்றில் இருந்தது தங்கவில்லை.

மலை நகர்வதை அவன் பார்த்ததில்லை. அவள் விழுந்ததைப் பார்த்திருக்கிறான்.

இன்றைக்கு மழை விட்டுவிடும். நேற்றும் அப்படித்தான் நினைத்தான். முந்தின நாளும். மழை விட்டால் பாதை காயும். கையைப் பிடித்து மெல்லக் கூட்டிப் போய்விடலாம். அதுவரை அவள் பயமில்லாமல் தூங்கட்டும். அவ்வளவுதான் அவன் ஆசைப்பட்டது.

வழக்கமாகப் பூசி முடித்ததும் மழைத்தண்ணீர் ஓடும் கானில் அடைத்த மண்ணை வெட்டிவிட வெளியே போய்விடுவான். இன்று கால் வைக்க முடியாத மழை. அடுப்படியில் குந்திக்கொண்டான்.

அதனால்தான் கேட்க நேர்ந்தது.

விடிந்ததும் பக்கத்துக் காம்பரா தங்கேஸ்வரி அக்கா கதவைத் தட்டினாள். தலையில் உரப்பை. கையில் கட்டிய துணிமூட்டை. சுண்ணாம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

மனைவி எழுந்து சுவரைப் பார்த்தாள். சிரித்தாள். பிளக்கவில்லை என்றாள்.

அக்காவுக்கு உயிர் வந்தது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த காம்பராவுக்குக் குரல் கொடுத்தாள். அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. கதவு கதவாகச் செய்தி போனது. யாரோ சாமியைக் கும்பிட்டார்கள். வெளிக்கிட்டு நின்ற பிள்ளைகளை மறுபடி படுக்கப் போட்டார்கள். அடுப்புகள் புகைய ஆரம்பித்தன.

அவன் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினான்.

தினமும் வந்து கேட்பார்களா என்றான்.

தினமும்தான் என்றாள் மனைவி. மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்களாம். நம்முடைய சுவரை நம்பித்தான் லயமே இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னாள்.

அவன் எழுந்து சுவரிடம் போனான். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. காயாத சுண்ணாம்பின் நடுவே மயிரிழையாக ஒரு கோடு ஓடியிருந்தது.

"பிளந்திருச்சு," என்றான்.

இப்போதுதானே பார்த்தேன் என்றாள்.

அவன் விரலை நீட்டினான். நகத்துக்குள் வெள்ளை.

அவள் விரலைப் பார்த்தாள். வெற்றிலைத் தட்டைப் பார்த்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. முதலில் போய் அவர்களிடம் சொல்லச் சொன்னாள்.

மழையில் நின்று சொன்னான். எத்தனை நாளாக என்பதையும் சொன்னான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒருவன் அடிக்க ஓடி வந்தான். தங்கேஸ்வரி அக்கா அவனைக் கையால் மறித்தாள். மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று இவன் நினைத்தான்.

அக்கா தன் காம்பராவுக்குள் போய் கைவைத்த மரக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் கம்பு வைத்துக் கட்டச் சொன்னாள்.

"தங்கச்சி நடக்க வேணாம். நாங்க தூக்குவோம்ல. இத மொத நாளே கேட்டிருந்தா என்னா கொறஞ்சு போயிருப்ப?"

அவனுக்குக் கேட்கலாம் என்றே தோன்றாமல் போயிருந்தது.

கம்பைத் தோளில் வாங்க நாலு பேர் வந்தார்கள். அடிக்க வந்தவனும் அதில் ஒருவன்.

லயம் மொத்தமும் இறங்கியது. மூட்டைகள், பிள்ளைகள், ஒரு ஆடு.

அவள் விழுந்த இடம் வந்தது.

தூக்கியவர்கள் குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்கினார்கள். கதிரை சாயவில்லை. மழை தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, பிழைத்துவிடுவோம் என்று அவனுக்குத் தோன்றியது.

அப்போது பாதையோரம் இரைந்துகொண்டிருந்த ஓடையின் சத்தம் நின்றது.

இந்த மழையில் ஓடை எப்படிச் சும்மா இருக்கும்? மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை மறித்திருக்கிறது. மறித்தது எந்த நேரமும் உடையும். எல்லாருக்கும் தெரியும். நடை வேகமானது.

கீழே ஒரு மேட்டில் பாடசாலையின் தகரக் கூரை தெரிந்தது. இன்னும் தூரம் இருந்தது.

அவள் கதிரையிலிருந்து குனிந்தாள்.

"என்னைய எறக்கி விட்டுட்டு ஓடுங்க. நான் நடந்து வாறேன்."

யாரும் இறக்கவில்லை.