சட்டியும் கிண்ணமும்

சட்டி நிறையப் பால், எட்டாத உயரத்தில். பூனையின் கிண்ணத்தில் ஒரு வாய்தான் மிச்சம். பூனை விடவில்லை. சமையலறை இயந்திரத்துக்கு 'ஊற்று' என்று ஒரு ஃபங்ஷன், அதாவது பெயரிட்ட கட்டளை, எழுதியது: முதலில் சொல்லும் பாத்திரத்திலிருந்து எடுத்து, அடுத்ததில் ஊற்ற வேண்டும். எழுதிவிட்டுக் காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"எழுதினே சரி, அதைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லையே?" என்றது இயந்திரம்.

"ஊற்று!" என்றது பூனை.

"எதிலேர்ந்து, எதுக்கு?"

"கிண்ணம், சட்டி!"

கிண்ணத்தில் இருந்த பாலும் சட்டிக்குப் போய்விட்டது.

"அட கழுதை!" என்று சீறியது பூனை.

இயந்திரம் 'ஊற்று(கிண்ணம், சட்டி)' என்று பூனை கூப்பிட்ட வரியைத் திரையில் காட்டியது. பூனை மீசை துடிக்கப் படித்தது. பிறகு இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி, மறுபடி கூப்பிட்டது. கிண்ணம் நுரையோடு நிரம்பியது.

"கழுதைன்னியே, யாரை?" என்று கேட்டது இயந்திரம்.

பூனை கிண்ணத்திலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.